ஆகாத ரத்தம்

கண்ணு,

மருமகளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவளுடைய ரத்தத்தைப் பார்த்த மாமியார் இந்தக் கொல்லிமலைச் சுற்றுவட்டாரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மற்றவர்கள் போட்டோ பார்ப்பார்கள், ஜாதகம் பார்ப்பார்கள், பெண் காபித் தட்டோடு நடந்து வருவதைப் பார்ப்பார்கள். எனக்கு நீ காட்டியது சின்னச் சின்னப் பச்சை வளையங்களை. சென்னையில் உன் ஆராய்ச்சிக் கூடத்தின் இருட்டறையில் என்னை உட்கார வைத்து, மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைக்கச் சொன்னாய். முதலில் என் இமை மயிர்தான் தெரிந்தது. நீ எதையோ திருகினாய். கறுப்பான இடத்தில் பச்சை வளையங்கள் வந்து நின்றன. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவப்புப் பொட்டுகளும் இருந்தன. "சிவப்பா தெரியறதெல்லாம் செத்துப் போனதுங்கம்மா. அதைக் கணக்குல சேக்கக் கூடாது. பச்சையைப் பாருங்க" என்றாய். பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. "யார்துடா சாமி இந்த ரத்தம்?" என்று கேட்டேன். "சுகந்தியோடதுங்கம்மா" என்றாய். நீ அந்தப் பெயரைச் சொன்ன விதத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இருட்டறையாக இருந்ததால் என் முகம் உனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் கல்யாணம். பந்தக்கால் நட்டாகிவிட்டது. ஊரில் ஆளுக்கொன்று பேசுகிறார்கள். பெண் திருநெல்வேலிப் பக்கம், நம் சனம் இல்லை, அதனால்தான் மாப்பிள்ளையின் அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள் என்கிறார்கள். உங்கப்பாவும் அப்படித்தான் நினைக்கிறார். நேற்றுக்கூட, "ஏம்புள்ள, பையன் ஆசைப்பட்டுட்டான், உடு. எந்தச் சனமா இருந்தா என்ன, படிச்ச புள்ள" என்று எனக்குச் சமாதானம் சொன்னார். சனமாவது ஒன்றாவது. துறையூரிலும் நாமக்கல்லிலும் இத்தனை வருஷமாகப் பலாப்பழம் விற்கிறவள் நான். எல்லாச் சனமும் என் பழத்தைத் தின்றவர்கள்தான். எனக்கு இருப்பது வேறு. அதற்குப் பெயர் பொறாமை. மரியாதையாகச் சொல்ல வேறு வார்த்தை இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அவளுடைய ரத்தம் உன் வேலைக்கு ஆனது, என்னுடையது ஆகவில்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல். இதை அவளிடம் நீ படித்துக் காட்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். உனக்கு எட்டு வயதிருக்கும். மலை மேலே ஆலத்தூர் நாட்டிலிருந்து தலைச்சுமையாகப் பலா இறங்கி வரும். புளியஞ்சோலையில் நான் வாங்கி அடுக்கி லாரியில் ஏற்றுவேன். பள்ளிக்கூடம் விட்டதும் நீ அங்கேதான் வருவாய். ஒருநாள் பாரம் ஏற்றிய லாரியின் மேலே ஏறி உட்கார்ந்தாய். டிரைவர் வண்டியைக் கொஞ்சம் முன்னே நகர்த்தினான். பழத்தோடு பழமாக நீயும் கீழே விழுந்தாய். தொடையில் லாரியின் இரும்புக் கொக்கி கிழித்த காயத்திலிருந்து போன ரத்தம், என் முந்தானையை இறுக்கிக் கட்டியும் நிற்கவில்லை. திருச்சி ஆஸ்பத்திரியில் உடனே ரத்தம் வேண்டும் என்றார்கள். நான்தான் முதலில் கையை நீட்டினேன். பரிசோதித்துப் பார்த்துவிட்டு, "உங்களுது சேராதும்மா, அவங்கப்பாவ வரச் சொல்லுங்க" என்றார் நர்ஸ். பத்து மாதம் என் ரத்தத்தைக் குடித்து வளர்ந்த பிள்ளைக்கு என் ரத்தம் சேராதாம். உங்கப்பா ராஜா மாதிரி கட்டிலில் படுத்துக் கொடுத்தார். நான் வராந்தாவில் அவருடைய துண்டையும் செருப்பையும் காவல் காத்துக்கொண்டு நின்றேன்.

நீ பிழைத்தாய், அது போதும் என்று அன்றைக்கு இருந்தேன். ஆனால் அந்த மனுஷன் அதை அதோடு விட்டாரா. நீ வகுப்பில் முதலாவதாக வந்தால், "பின்ன, என்ற ரத்தமாச்சே" என்பார். நீ கல்லூரிக்குப் போனபோதும் அதையேதான் சொன்னார். தொண்ணூற்றேழில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்து நீ சென்னைக்குப் பஸ் ஏறினபோது, ஊரே கேட்கிற மாதிரி அதையே சொன்னார். நீ செய்த தப்புகளுக்கு மட்டும் அவருடைய ரத்தம் பொறுப்பேற்கவில்லை. அதெல்லாம் என் வளர்ப்பு.

சென்னை போன பிறகு நீ என்ன படிக்கிறாய் என்று கேட்டால் முதல் இரண்டு வருஷம் "ரத்தம்" என்று மட்டும் சொன்னாய். எஸ்.டி.டி. பூத்தில் மீட்டர் ஓடுகிற பயத்தில் நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. ஒரு சித்திரை மாதம் லீவில் வந்தவன், பலாக் குவியலுக்கு நடுவில் சாக்கை விரித்து உட்கார்ந்துகொண்டு நிதானமாகச் சொன்னாய். நம் ரத்தத்தில் நோயை எதிர்த்து நிற்கிற வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் உள்ளே, அது சரிந்து போகாமல் தாங்கிப் பிடிக்கிற சட்டம் ஒன்று இருக்கிறது. அந்தச் சட்டம் புரதத்தால் ஆனது. வீட்டுக்கு உத்தரமும் விட்டமும் உள்ளேதானே இருக்கும், அந்த மாதிரி அதுவும் உள்ளேயே இருக்க வேண்டியது. ஆனால் சில அணுக்களில் அந்தப் புரதம் வெளியே, மேல்தோலில் வந்து நிற்கிறது என்று உனக்குத் தோன்றியது. அந்தப் புரதத்தை மட்டும் தேடிப் போய் ஒட்டிக்கொள்கிற ஒன்றை, வெளிச்சம் விடுகிற சாயத்தோடு சேர்த்து ஊற்றினால், இருக்கிற இடம் பச்சையாகத் தெரியும் என்றாய்.

"அப்ப தெரிஞ்சிருச்சில்ல, அப்புறம் என்றா வேல அங்க?" என்று கேட்டேன். "அங்கதாங்கம்மா சிக்கல்" என்றாய். அணு எங்கேயாவது கிழிந்திருந்தால் சாயம் உள்ளே நுழைந்துவிடும். உள்ளே இருக்கிறதெல்லாம் பச்சையாக மின்னும். பார்க்கிறவன் அதை வெளியே இருப்பதாக நினைத்து ஏமாந்துபோவான். அதனால் அணுவில் ஒரு கீறல் விழாமல் பார்க்க வேண்டும். கிழிந்ததைக் காட்டிக் கொடுக்க இன்னொரு சிவப்புச் சாயம். எல்லாவற்றையும் ஐஸில் வைத்துச் செய்ய வேண்டும். சூடு பட்டால் அந்த அணு தன் மேல் ஒட்டினதை உள்ளே இழுத்து விழுங்கிவிடுமாம். அப்புறம் வெளியே என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. இதையெல்லாம் சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்த ஒரு பழத்தைத் தொட்டுக் காட்டி, "நீங்க பழத்த வெட்டாமயே தட்டிப் பாத்து உள்ள பழுத்திருக்கான்னு சொல்றீங்கல்ல, அந்த மாதிரிதாங்கம்மா" என்றாய்.

அந்த ஒரு வார்த்தைக்கு நான் எத்தனை நாள் பூரித்துப் போயிருந்தேன் என்று உனக்குத் தெரியாது. பழத்தில் கத்தி வைத்து ஆப்பு எடுத்துப் பார்க்கிற வியாபாரிகளைக் கண்டாலே எனக்கு ஆகாது. பால் வடிந்து அந்தப் பழமே வீணாகிவிடும். அதனால் "என்ற மகன் மெட்ராசுல என்ற வேலையத்தான் செய்யறான், பழத்துக்குப் பதிலா ரத்தம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னேன். பிறகு அந்த இருட்டறை நாளில், பச்சை வளையத்தின் சொந்தக்காரி வெளியே நின்றிருந்தாள். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, "வாங்க அத்தை" என்றாள். யாரைக் கேட்டு அத்தை என்றாளோ. என் பெருமையை அவளிடமும் அவிழ்த்தேன். பலாவை வெட்டாமல் பார்க்கிற கதையைச் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே, "அது நான் சொன்னதுல்லா அத்தை. நீங்க பழத்தைத் தட்டிப் பாப்பியன்னு இவங்க சொன்னாங்க. நாந்தான், அப்ப நம்ம வேலையும் அதுதானேன்னு சொன்னேன்" என்றாள்.

பலா மரத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்திருப்பாளா அவள். நான் ஒரு மாதம் நெஞ்சில் வைத்துக் கொஞ்சினது அவள் வாயிலிருந்து வந்த வார்த்தை. நீ அதை எடுத்து வந்து எனக்குக் கொடுத்தாய். கொடுத்தது யார் என்றுகூடச் சொல்லவில்லை. அன்று அவள் கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. உன் கையிலும் ஒட்டியிருந்தது. என்னவென்று கேட்டேன். "அவளோட வேலைக்கு என்னோட ரத்தம், என் வேலைக்கு அவளோடது. மாத்தி மாத்தி எடுத்துக்குவோம்மா" என்று சாதாரணமாகச் சொன்னாய். மாலை மாற்றுவதற்கு முன்னாலேயே ரத்தம் மாற்றிக்கொண்ட பிள்ளைகளை நான் என்ன சொல்லித் தடுப்பது. அவளுடைய கட்டுரைக்கு உன் ரத்தம், உன் கட்டுரைக்கு அவளுடையது. நான் இரண்டிலும் இல்லை. ஊர் திரும்புகிற பஸ்ஸில் எனக்கு அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. இவன் தினமும் அவளுடைய ரத்தத்தைக் குனிந்து குனிந்து பார்க்கிறான், என் முகத்தைப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பார்க்கிறான்.

பிறகு எனக்கும் ஒரு காலம் வந்தது. நீ போனில் சலிப்பாகப் பேசினாய். கட்டுரையைப் பார்த்தவர்கள், ஒரே ஆளின் ரத்தத்தை வைத்து இதை நம்ப முடியாது, இன்னும் பல பேருடையதில் காட்டு என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். நீ வருத்தப்பட்டுச் சொன்னாய். எனக்கோ வெல்லம் தின்ற மாதிரி இருந்தது. அவளுடையது மட்டும் போதாது என்று யாரோ ஒரு புண்ணியவான் சொல்லிவிட்டான். மறுநாளே புறப்பட்டு வந்தேன். உன் முன்னால் கையை நீட்டி, "எடு" என்றேன். நீ சந்தோஷப்பட்டாய், இல்லையென்று சொல்ல மாட்டேன். அப்புறம் கேட்டாய். "ஏதாச்சும் மாத்திரை சாப்படறீங்களாம்மா?" மலை ஏறி இறங்கித் தேய்ந்துபோன முட்டிக்கு டாக்டர் கொடுத்த மாத்திரை இருந்தது. சொன்னேன். "அப்ப ஆகாதுங்கம்மா" என்றாய். அந்த மாத்திரை வெள்ளை அணுக்களையே மாற்றிவிடும் என்று ஏதேதோ விளக்கினாய். எனக்குக் கேட்டது "ஆகாது" மட்டும்தான். திருச்சியில் அந்த நர்ஸ் சொன்ன அதே குரலில் நீ சொன்னாய்.

நான் விடுகிற ஆளா. மாத்திரையை நிறுத்தினேன். நிறுத்தச் சொல்லி நீ சொல்லவில்லை, சொன்னால் திட்டுவாய் என்று நானும் சொல்லவில்லை. நிறுத்தினால் முட்டி சும்மா இருக்குமா. ஆலத்தூர் நாட்டிலிருந்து பழம் கொண்டுவருகிற பெண்கள் நான் நொண்டுவதைப் பார்த்து முடவாட்டுக்கால் கொண்டுவந்து கொடுத்தார்கள். உனக்கு நினைவிருக்கும், பாறையில் ஒட்டி வளர்கிற கிழங்கு, ஆட்டுக்கால் மாதிரி ரோமத்தோடு இருக்கும். ரோமத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, மிளகு சீரகம் தட்டிப் போட்டுச் சூப்பு வைத்துக் குடித்தேன். தினம் காலையில் ஒரு டம்ளர். மூன்று மாதத்தில் முட்டி நன்றாகவே மடங்கியது. திரும்ப வந்தேன். "மாத்திரை?" என்றாய். "நிறுத்தி மூணு மாசமாச்சு" என்றேன். டாக்டரைக் கேட்காமல் ஏன் நிறுத்தினீர்கள் என்று கொஞ்ச நேரம் சத்தம் போட்டாய். ஆனால் எடுத்தாய். ஊசி ஏறினபோது நான் கண்ணை மூடவில்லை. என் ரத்தம் அந்தக் குழாயில் ஏறுவதை முழுசாகப் பார்த்தேன். உன் அப்பா அங்கே இல்லையே என்று மட்டும் இருந்தது.

மறுநாள் நீயே ஓடி வந்து கூட்டிப்போனாய். "வந்து பாருங்கம்மா, எப்படித் தெரியுதுன்னு" என்றாய். குனிந்து பார்த்தேன். என்னுடைய வளையங்கள் அவளுடையதைவிடப் பச்சையாக, பளிச்சென்று நின்றன. பொய் சொல்லவில்லை, நீயும் அதைத்தான் சொன்னாய். இந்த வயதில் எனக்கு அதைவிடப் பெரிய பரிசு எதுவும் கிடைத்ததில்லை. திரும்பிச் சுகந்தியைப் பார்த்தேன். ஜெயித்தவள் தோற்றவளைப் பார்க்கிற பார்வைதான், மறைத்து என்ன பயன். அவள் பாவம் அதைக் கவனிக்கக்கூட இல்லை. "நல்லா வந்திருக்கு அத்தை" என்று மனதாரச் சொன்னாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மத்தியானம் அவள் தன் டிபன் டப்பாவைத் திறந்து எனக்குப் பாதி வைத்தாள். சாப்பிட்டுக்கொண்டே, "மாத்திரை இல்லாம எப்படி அத்தை இப்படி நடக்கிய? எங்க அம்மைக்கும் முட்டிவலிதான், எந்திரிக்கவே படாதபாடு படுதா" என்று கேட்டாள். எனக்குப் பெருமை பொங்கியது. முடவாட்டுக்காலின் அருமை பெருமையெல்லாம் எடுத்துச் சொன்னேன், உங்கம்மாவுக்கும் கொடுத்தனுப்புகிறேன் என்றேன். அவள் கை டப்பாவிலேயே நின்றுவிட்டது. "தினமும் குடிச்சியளா அத்தை? நேத்துக்கூடவா?" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அது மருந்தில்ல சாமி, கெழங்கு. மரவள்ளி மாதிரி" என்றேன்.

"முட்டிவலி போயிருக்குல்லா அத்தை. அப்ப உள்ள ஏதோ செய்யத்தானே செய்யுது."

"சொல்லிராத கண்ணு அவன்கிட்ட" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். யாரிடம் கெஞ்சக் கூடாது என்று இருந்தேனோ அவளிடமே கெஞ்சினேன். அவள் கையை உருவிக்கொள்ளவில்லை. கண்ணாடிக்குள் கண் கலங்கியிருந்தது. "நான் சொல்ல மாட்டேன் அத்தை. நீங்களே சொல்லிருங்க. நீங்க சொல்லலைன்னா நான் சொல்லும்படியா ஆயிரும். இது அவங்க அஞ்சு வருச உழைப்பு" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அந்த டப்பாவையே தட்டிவிட்டிருப்பேன். ஆனால் சொன்னேன், சாயங்காலம் உன்னிடம் வந்து நானே சொன்னேன். நீ சத்தம் போடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டாய். "அந்தச் சூப்பு எத்தன நாளைக்கு ஒடம்புல நிக்கும் சாமி?" என்று கேட்டேன். "தெரியாதுங்கம்மா. யாரும் பாத்ததில்ல. தெரியலைன்னா தள்ளித்தான் ஆகோணும். கொறஞ்சது ஒரு மாசமாவது விட்டுட்டுத்தான் எடுக்கோணும்" என்றாய். கட்டுரையை அதற்குள் அனுப்பியாக வேண்டும். பச்சை பச்சையாக நின்ற என் வளையங்களை நீ கணக்கிலிருந்து அடித்துவிட்டாய்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். அது மருமகள்கள் புலம்புவதற்கென்று இருக்கிற பழமொழி. நம் வீட்டில் அதையும் திருப்பிப் போட்டு, என் பிழையைப் பொன்குடமாக்கிவிட்டாய்.

கட்டுரை அச்சாகி வந்ததும் ஒரு பிரதி அனுப்பினாய். இங்கிலீஷ். நீ ஊருக்கு வந்தபோது, ரத்தம் கொடுத்தவர்களைப் பற்றி எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். ஒரு வரியைக் காட்டினாய். ஆரோக்கியமானவர்கள் தாமாக முன்வந்து கொடுத்தது என்று இருக்கிறதாம், பெயரெல்லாம் போட மாட்டார்களாம். பெயர் இல்லாவிட்டால் என்ன, அந்த வரிக்குள் சுகந்தி இருக்கிறாள். உன் பேராசிரியர் இருக்கிறார். வாசலில் உட்கார்ந்திருக்கிற வாட்ச்மேன்கூட இருக்கிறார், நீயே சொன்னாய். முதலில் கையை நீட்டின நான் இல்லை. உங்கப்பா அந்தத் தாளைத் தடவிப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று உனக்கு எழுத வேண்டியதில்லை.

இந்த இடத்தில் புத்தி சொல்லும் சாக்கில் ஒன்று சொல்ல வேண்டும். உனக்குப் பார்க்கத் தெரிந்தது மைக்ரோஸ்கோப்பில் மட்டும்தான் கண்ணு. போன மாதம் சேலை எடுக்க அவளும் அவளுடைய அம்மாவும் இங்கே வந்திருந்தார்கள். அதற்கு முன்னால் நீ இரண்டு தடவை வந்துவிட்டுப் போனாய். பத்திரிகை, மண்டபம், சமையல்காரர் என்று நாள் முழுக்க என்னோடு பேசினாய். நான் நொண்டுவது உன் கண்ணில் படவில்லை. அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "ஏன் அத்தை காலைத் தாங்கித் தாங்கி வைக்கிய?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். அவள் போகவில்லை. உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, தன் அம்மாவுக்குக் கேட்காத மாதிரி, "மாத்திரையும் இல்லை, சூப்பும் இல்லை, அப்படித்தானே? எத்தனை மாசமா?" என்றாள். நான் எழுந்து போகப் பார்த்தேன், அவள் விடவில்லை. "அடுத்த கட்டுரைக்கு எடுப்போம்னு நெனச்சு வச்சிருக்கியளா அத்தை?"

ஆமாம். அதற்காகத்தான் வைத்திருந்தேன். நீ எப்போது வந்து கேட்டாலும் சுத்தமாக இருக்க வேண்டும் என்று, வலியைப் பொறுத்துக்கொண்டு, மாத்திரை வேண்டாம், சூப்பு வேண்டாம், கஷாயம்கூட வேண்டாம் என்று இருந்தேன். கோயிலுக்கு விரதம் இருக்கிறவர்கள் இல்லையா, அப்படி என்று வைத்துக்கொள். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. என்னைக் கீறாமல், தட்டிக்கூடப் பார்க்காமல் அவள் கண்டுபிடித்துவிட்டாள். அலமாரியில் இருந்த மாத்திரையை எடுத்து வந்து, தண்ணீரையும் கொடுத்து, "முழுங்குங்க. உங்க முட்டியக் காவு கொடுத்து எங்களுக்கு ஒரு கட்டுரையும் வேண்டாம். நான் இருக்கேன்லா, எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கிடட்டும்" என்றாள். "நான் இருக்கேன்லா" என்றாளே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. மாத்திரையை விழுங்கினேன். அன்று ராத்திரி வலியில்லாமல் தூங்கினேன். அவள் மேல் இருந்த பொறாமை ஒரு கைப்பிடி கூடியதே தவிரக் குறையவில்லை. என் மகன் பார்க்க வேண்டியதை அவள் பார்த்தாள்.

அதனால் சொல்கிறேன், வீட்டுக்குள் ஏதாவது நடந்தால் அவள் சொல்வதைக் கேள். நீ எண்ணிக்கொண்டிருக்கும்போது அவள் பார்த்துவிடுவாள். என் சமையலை அவளுடைய சமையலோடு ஒப்பிட்டுப் பேசாதே. ஒப்பிட்டால் நான் ஜெயிப்பேன், அது எனக்குப் பிடிக்கும், அதனால்தான் வேண்டாம் என்கிறேன். அவளோடு சண்டை வந்தால் அன்றைக்கே பேசிவிடு. விழுங்கி வைத்தால் அப்புறம் வெளியே என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது என்று நீதானே சொன்னாய். இந்தக் கடிதத்தை இன்றைக்கே எழுதுவதும் அதற்காகத்தான். கல்யாணம் முடிந்து அவள் என் காலில் விழுந்து எழுந்தால், அந்தச் சூட்டில் எல்லாவற்றையும் நான் உள்ளே இழுத்துக்கொண்டு, ஒன்றுமே இல்லாத மாதிரி சிரித்துக்கொண்டு நிற்பேன். இப்போது ஆறின நிலையில் இருக்கிறேன். இருப்பது இருக்கிறபடி தெரியட்டும்.

கடைசியாக ஒன்று. நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். மாப்பிள்ளை மண்டபத்துக்குப் புறப்படுவதற்கு முன்னால் அம்மாவோடு ஒரே வட்டலில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அம்மா கையால், அம்மா தட்டில் பிள்ளை சாப்பிடுகிற கடைசிச் சாப்பாடு அது. அதற்கப்புறம் உன் தட்டு வேறு. உங்கப்பாவுக்கு உன் பாட்டி அதில் நெய்யும் பருப்பும் போட்டார், மற்ற வீடுகளில் பால்சோறு போடுகிறார்கள். நான் என்ன போடப் போகிறேன் என்று உனக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பின்னால் ஏமாற்றிவிட்டாள் என்று நீ சொல்லக் கூடாது.

ஆலத்தூர் நாட்டுப் பெண்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் முடவாட்டுக்கால் கிழங்கு வந்துவிடும். ரோமத்தை நானே சுரண்டி, மிளகு கொஞ்சம் தூக்கலாகப் போட்டு வைக்கிறேன். சோற்றில் ஊற்றிப் பிசைந்து உனக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாய். மிச்சத்தை டம்ளரில் ஊற்றித் தருகிறேன், ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு எழுந்து போய்த் தாலி கட்டு. உனக்கு முட்டிவலி இல்லை என்று எனக்குத் தெரியும். கல்யாணம் முடிந்து நீங்கள் சென்னை போனதும் அவள் தன் வேலைக்கு உன் கையைத்தான் நீட்டச் சொல்வாள். நீட்டு. ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்பாள், அவள் கேட்காமல் விட மாட்டாள். உண்மையைச் சொல். குழாயைக் கீழே வைத்துவிட்டு, அப்ப ஆகாது, ஒரு மாதம் போகட்டும் என்பாள்.

அந்த ஒரு மாதம் உன் ரத்தம் அவளுக்கு ஆகாது. அந்த ஒரு மாதம் அது என்னுடையது மாதிரி இருக்கும்.

உன் அம்மா